மக்டெல்ட் தீட்டிய நிழல்

மக்டெல்டின் படத்தில் கை வைத்தவன் நான்தான். எங்கள் தீவு நகரமான மிடல்பர்க்கில் இன்றைக்கும் சிலர் அதை யாஸ்பர் செய்தான் என்கிறார்கள். யாஸ்பர் படக்கடைக்காரன்; தூரிகையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஈய வெள்ளையைக் குழைத்தது நான். அதைப் பூசியதும் நான். ஆகவே நடந்ததை நானே சொல்வதுதான் முறை.

என் பெயர் கில்லிஸ். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. ஓவியர் சங்கத்தில் எனக்கும் ஓர் இருக்கை உண்டு என்றாலும், என் பெயரைச் சொல்லிப் படம் கேட்டு யாரும் வந்ததில்லை. வண்ணத்துப்பூச்சி, கிளிஞ்சல், பச்சைப்புழு, இவையெல்லாம் எனக்கு நன்றாக வரும். அடுத்தவர் படத்தின் மூலையில் ஓர் ஈயோ வண்டோ தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள். பழைய படங்களில் வெடித்த வானத்துக்கு ஒட்டுப்போடுவது, பூஞ்சை பிடித்த மூக்கைத் திருத்துவது என்று பிழைப்பு ஓடியது. அந்த வேலையும் பெரும்பாலும் யாஸ்பரின் கடையிலிருந்துதான் வரும்.

ஸ்பெயினோடு சமாதானம் ஆன மறு வருஷம், மார்ச் மாதம், யாஸ்பர் ஒரு பலகையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு என் மாடிப்படி ஏறி வந்தான். ஜன்னலோரம் வைத்துப் பிரித்தான். நான் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

கல் மேடை ஒன்றின்மேல் ஒரு கண்ணாடி ஜாடி, அது நிறையப் பூ. இடது பக்கம் மேலிருந்து வெளிச்சம் இறங்குகிறது. முதலில் சிவப்புக் கோடு போட்ட டூலிப்பைத் தொடுகிறது, அப்புறம் ஒரு பியோனியின் தலையைத் தடவுகிறது, பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்து வலது பக்கக் கீழ்மூலைக்கு வரும்போது தீர்ந்துபோகிறது. அந்த மூலையில் ஒரு வெள்ளை ரோஜா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது. வெள்ளை என்று தெரிந்தது, ஆனால் வெள்ளை நிறம் அதில் எங்கும் இல்லை. சாம்பல், கொஞ்சம் பச்சை, பக்கத்திலிருந்த கசகசாப் பூவின் சிவப்பிலிருந்து கடன் வாங்கிய ஒரு மங்கல். அதற்கும் பின்னால் ஓர் ஊதா ஐரிஸ்; அதன் விளிம்பு மட்டும் இருட்டிலிருந்து எட்டிப் பார்த்தது.

"பாத்தியா, மக்டெல்ட் அம்மா பண்ணியிருக்கிற கூத்த?" என்றான் யாஸ்பர்.

"ரொம்ப நல்லா இருக்கே."

"நல்லா இருக்கா? எண்ணு."

"எதை?"

"பூவ எண்ணுய்யா. பௌடவைன் ஐயா இருபத்தொரு பூ வேணும்னு சொல்லிச் செய்யச் சொன்னாரு. எண்ணிப் பாத்துட்டு பதினாலுதான் இருக்குங்கிறாரு. மிச்சம் ஏழும் இருட்டுல கெடக்கு."

"இருட்டுல இருந்தாலும் இருக்குல்ல?"

"இருந்து என்ன பிரயோஜனம்? அந்த மனுஷன் சாய வியாபாரி. 'எங்கிட்ட துணிக்குச் சாயம் போட வர்றவன், பாதித் துணி கறுப்பா வந்தா சும்மா விடுவானா?'ங்கிறாரு. அந்த ஏழையும் வெளிய கொண்டு வந்துரு. பளிச்சுனு."

பௌடவைன் ஊரில் பெரிய ஆள். மஞ்சிட்டி வேரை அரைத்துச் சிவப்புச் சாயமாக்கிக் கப்பல் கப்பலாக அனுப்புகிறவர். அவர் வேண்டாம் என்று சொன்ன படத்தை இந்தத் தீவில் வேறு யாரும் வாங்கமாட்டார்கள்.

"மக்டெல்ட் அக்காகிட்ட கேட்டாச்சா?" என்றேன்.

"கேட்டாச்சு, கேட்டாச்சு. 'உங்க இஷ்டம்'னுட்டாங்க. அவங்களுக்கு நேரமில்ல, அதான் ஒன்கிட்ட வந்தேன்."

மக்டெல்டின் வீடு மீன் சந்தைக்குப் பின்னால், என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. நான் போய்க் கேட்கவில்லை. மழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாளில் முடித்தேன். மக்டெல்ட் அந்த ரோஜாவுக்கு எத்தனை நாள் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. நான் எடுத்துக்கொண்டது ஒரு காலை நேரம். இதழ் இதழாக ஈய வெள்ளையைப் போட்டு அதன் முகத்தை நம் பக்கம் திருப்பினேன். ஐரிஸுக்கு நீலம் ஏற்றினேன். இருட்டில் கிடந்த கார்னேஷன் பூக்களைத் தட்டி எழுப்பினேன். முடித்துவிட்டுப் பார்த்தால், பூவெல்லாம் வெளிச்சத்தில் நிற்கிறது, அவற்றின் நிழல் மட்டும் பழைய இருட்டோடு கல்மேடையில் கிடக்கிறது. எவன் பார்த்தாலும் கேட்பான். அந்த நிழலையும் அழித்தேன். அதோடு ஜாடி கல்லைவிட்டு எழுந்து மிதக்க ஆரம்பித்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தூரிகையைக் கழுவினேன்.

என் மனைவி பீட்டர்னெல் துணி உலர்த்த மேலே வந்தவள் படத்தின் முன்னால் நின்றாள்.

"ஏன்யா, இந்தப் பூவெல்லாம் மெழுகுவத்திய முழுங்கின மாதிரி இருக்கு?"

"வாங்குறவரு அப்படித்தான் கேட்டாரு."

"வாங்குறவரு கேட்டா பூவுக்கு மீசை வெப்பியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை. சந்தை நாள். பௌடவைன் எடுத்துக்கொண்டு போவதற்கு முன்னால் ஊர் பார்க்கட்டும் என்று யாஸ்பர் படத்தைக் கடை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தான். நான் எதிரே மீன்காரியிடம் ஒரு ஹெரிங் வாங்கி, வெங்காயத்தோடு வாலைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்தேன். அப்போது மக்டெல்ட் வந்தார்.

மக்டெல்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது. கணவர் கடலில் போய்ப் பதினோரு வருஷம். நல்ல உயரம், அகலமான தோள், மரச் செருப்பு கல்லில் அடித்து வருவது தெருமுனையிலேயே கேட்கும். எங்கள் சங்கத்தில் இருந்த ஒரே பெண். வருஷத்துக்கு இரண்டு படம், அதிகம் போனால் மூன்று. அன்றைக்குக் கூடையில் பசலையும் ஒரு பாலாடைக்கட்டியும் இருந்தன. கடையைத் தாண்டிப் போனவர், நின்றார். இரண்டடி பின்னால் வந்தார். கூடையைக் கீழே வைத்தார்.

"யாஸ்பர்! இது யாரு படம்?"

யாஸ்பர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். "என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? ஒங்க படந்தான். கீழ ஒங்க பேரு இருக்கே."

"என் பேரு இருக்கு. அதான் கேக்குறேன். என் பேருக்குப் பக்கத்துல இந்தக் கண்றாவியக் கொட்டினது யாரு?"

"கொஞ்சம் வெளிச்சம் கூட்டினோம். வாங்குறவங்க ஆசப்பட்டாங்க..."

"வெளிச்சம் கூட்டினீங்களா? என்ன, கஞ்சியில உப்புக் கூட்டுற மாதிரியா? எங்க இருந்து வருது இந்த வெளிச்சம்? காட்டு. இந்தப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கா? சொவர் இடிஞ்சிருக்கா? இல்ல, ரோஜா வயித்துக்குள்ள யாராச்சும் வெளக்கு ஏத்தி வெச்சிருக்கானா?"

முட்டைக்காரிகளும் வண்டிக்காரர்களும் கூடிவிட்டார்கள். மக்டெல்ட் குனிந்து படத்தில் மூக்கு படும் அளவுக்குப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"இந்த இலை நுனிய இப்படிச் சுருட்டுறவன் ஊர்ல ஒருத்தன்தான்," என்றார்.

நான் பாதி ஹெரிங்கோடு வீட்டுக்கு ஓடினேன். ஓடி என்ன பயன்? மரச் செருப்புச் சத்தம் என் பின்னாலேயே வந்து, மாடிப்படியிலும் ஏறியது.

பீட்டர்னெல் கதவைத் திறந்தாள். "வாங்கக்கா. அவர் அலமாரிக்குப் பின்னாடி இருக்காரு," என்றாள்.

வெளியே வந்தேன்.

"நீதானே?" என்றார் மக்டெல்ட். கடையில் கத்திய மாதிரி இங்கே கத்தவில்லை. அதுதான் மோசமாக இருந்தது.

"யாஸ்பர்தான் சொன்னான், நீங்க சம்மதிச்சதா..."

"எங்கிட்ட கேட்டியா?"

"இல்லக்கா."

"என் வீடு எங்க இருக்கு?"

"மீன் சந்தைக்குப் பின்னாடி."

"வழி தெரியுது. கால் நல்லாத்தான் இருக்கு, இப்பக்கூடப் பாத்தேனே, என்னமா ஓடுற! வந்து ஒரு வார்த்த கேக்க மட்டும் முடியல."

அவர் என் ஜன்னலருகே போய், அங்கே குவளையில் பீட்டர்னெல் வைத்திருந்த டாஃபடில் பூ ஒன்றைக் கையில் எடுத்தார்.

"டூலிப் எப்பப் பூக்கும்?"

"ஏப்ரல்ல."

"பியோனி?"

"மே கடைசில. ஜூன்ல."

"கசகசாப் பூ, ரோஜா, கார்னேஷன்? ஜூலை, ஆகஸ்டு வரைக்கும். இந்த இருபத்தொரு பூவும் ஒரு நாளும் ஒரே ஜாடியில நின்னதில்ல. நிக்கவும் நிக்காது. ஒவ்வொண்ணும் பூக்குற வரைக்கும் காத்திருந்து, ஒவ்வொண்ணையும் அதே ஜன்னல்கிட்ட, அதே எடத்துல, காலையில அதே ரெண்டு மணி நேரம் வெச்சு வரஞ்சேன். ஏன்னு தெரியுமா? அந்தப் படத்துல எல்லாமே பொய்யி, கில்லிஸ். நெசம் ஒண்ணே ஒண்ணுதான், அந்த வெளிச்சம். அது ஒண்ணாலதான் அந்தப் பொய்ய ஒரு மனுஷன் நம்புறான். நீ அதையும் எடுத்துட்ட. இப்ப அங்க என்ன இருக்கு? இருபத்தொரு பொய்."

டாஃபடிலைக் குவளையில் திரும்ப வைத்தார்.

"அந்த ரோஜா பத்தொம்பது நாள்," என்றார் போகும்போது. "ஏழு ரோஜா வாடிப்போச்சு. எட்டாவதுலதான் முடிச்சேன்."

மறுநாளே சங்கத்தில் புகார் கொடுத்தார். அவர் கேட்டது சின்ன விஷயம்: ஒன்று, மேலே பூசியதை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தன் பெயரை எடுக்க வேண்டும். விசாரணை மே மாதம் என்று நாள் குறித்தார்கள்.

அதற்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. மக்டெல்டுக்குக் கண் மங்கிவிட்டதாம். மத்தியானத்தில்கூட அவருக்கு இருட்டாகத்தான் தெரியுமாம். அதனால்தான் பூவையெல்லாம் கரியில் முக்கி எடுக்கிறாராம். நான் இதை முதலில் ரொட்டிக் கடையில் கேட்டேன், பிறகு நாவிதரிடம், பிறகு தேவாலய வாசலில். சொன்ன ஒவ்வொருவரும் "பாவம்" என்று சேர்த்துச் சொன்னார்கள். அவரிடம் படம் செய்யச் சொல்லியிருந்த ஒரு மருத்துவர் ஆள் விட்டு வேண்டாம் என்றுவிட்டார்.

விசாரணைக்கு மூன்று நாள் முன்னால் யாஸ்பர் வந்தான். கையில் ஒரு குடம் நல்ல பியர்.

"பெரிய விஷயமில்ல கில்லிஸ். அவங்க கடைக்கு வந்தாங்க, 'வெளிச்சம் கூட்டிக்கங்க'ன்னு சொன்னாங்க, நீயும் பக்கத்துல இருந்து கேட்ட. அவ்வளவுதான்."

"நான் கேக்கலையே."

"இப்பக் கேட்டுக்க. நான் சொல்றேன்ல?"

"அவங்க கண்ணப் பத்தி ஊர்ல பேசுறாங்களே, அது எங்க இருந்து கிளம்புச்சு யாஸ்பர்?"

அவன் பியரை ஊற்றினான். "வயசாச்சுல்ல. நான் பாத்தத சொன்னேன். ஒரு விதத்துல நான் அவங்க மானத்தத்தான் காப்பாத்துறேன். கண்ணு தெரியாம வரஞ்சாங்க, நாங்க சரி பண்ணோம்னு போயிரும். இல்லேன்னா இந்த வருஷம் முழுக்க எங்கிட்ட வேல கேட்டு வராத. ஒன் பொண்டாட்டிக்கும் சொல்லிரு."

சொல்லத் தேவையிருக்கவில்லை. பீட்டர்னெல் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தாள். அவன் போனதும் அந்தப் பியர்க் குடத்தைத் தூக்கி ஜன்னல் வழியாகக் கால்வாயில் கவிழ்த்தாள்.

"நல்ல பியர்டீ அது," என்றேன்.

"கால்வாய் குடிக்கட்டும். அந்த எலி ஒரு கண்ணு தெரியுற பொம்பளையக் குருடின்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டு, அதுக்கு ஒன்னையச் சாட்சிக்குக் கூப்பிடுறான். நீ என்னடான்னா பியரப் பத்திப் பேசுற."

அன்றைக்குத்தான் எனக்கே கோபம் வந்தது. அதுவரை என் மேல் எனக்கிருந்த வெட்கத்தோடு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது நாள் ஒரு நிழலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த கண்ணை, பூவை எண்ணத் தெரிந்ததைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒருவன் மங்கல் என்கிறான். அதை நம்பி ஒரு ஊரே உச்சுக்கொட்டுகிறது.

விசாரணை நாள் காலையில் சங்கக் கூடம் நிறைந்திருந்தது. தலைவர் லாம்பிரெக்ட் ஜன்னல் கண்ணாடிகளுக்கு வண்ணம் தீட்டுகிறவர். நிதானமான மனிதர், யாரையும் பகைத்துக்கொள்ளப் பிடிக்காதவர். படத்தை மேசையில் சாய்த்து வைத்திருந்தார்கள். பௌடவைன் முன் வரிசையில், கனத்த கறுப்பு அங்கியில். அவர் நகக்கண்களில் மட்டும் எப்போதும் போகாத சிவப்பு.

யாஸ்பர் முதலில் பேசினான். சம்மதத்தைப் பற்றிச் சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கண்ணைப் பற்றிச் சொன்னான்.

லாம்பிரெக்ட் தொண்டையைக் கனைத்தார். "மக்டெல்ட் அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கடைசிச் சொவத்துல ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கு. அத இங்க இருந்து படிச்சுக் காட்டினீங்கன்னா இந்தப் பேச்சு முடிஞ்சுரும்."

"படிக்க மாட்டேன்," என்றார் மக்டெல்ட்.

கூட்டத்தில் முணுமுணுப்பு. யாஸ்பர் கையை விரித்துக் காட்டினான்.

"ஏம்மா?"

"இருபத்தாறு வருஷமா இந்தச் சங்கத்துல இருக்கேன். இங்க எத்தன ஆம்பளைங்களக் கூப்பிட்டுச் சொவத்தப் படிக்கச் சொல்லியிருக்கீங்க? என் கண்ணச் சோதிக்கிறதுக்கு முன்னாடி அந்த ஆளு நாக்கச் சோதிங்க. அழுகுனது எதுன்னு தெரியும்."

யாரோ சிரித்தார்கள். லாம்பிரெக்ட் சிரிக்கவில்லை, முகம் சிவந்து, என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

எழுந்தேன். யாஸ்பர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். மக்டெல்ட் சம்மதித்ததை நான் கேட்டதில்லை, கேட்டதாகச் சொல்லச் சொல்லி யாஸ்பர் வந்தான், பியர் கொண்டுவந்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "நெழல இருட்டுன்னு நெனச்சா அது அவங்க கண்ணுக் கோளாறு இல்லீங்க, நம்ம கோளாறு. அந்த நெழலுக்குள்ள பதினோரு நெறம் இருந்துச்சு. மேல பூசுறதுக்கு முன்னாடி நானே எண்ணினேன்," என்றேன். என் குரல் நடுங்கியது. பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி நான் ஒன்றும் பேசவில்லை.

மக்டெல்ட் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "என்ன எண்ணெய் கலந்த?"

"ஆளிவிதை எண்ணெய். கொஞ்சந்தான். மிச்சம் சாயம் கரைக்கிற தைலம்."

"மெருகு எண்ணெய் காஞ்சிருந்துச்சா, நீ பூசும்போது?"

"காஞ்சிருந்துச்சுக்கா."

"எண்ணெய்லயும் கஞ்சத்தனம். நல்லதாப் போச்சு, மேல பூசினது மட்டும் கரைஞ்சு வந்துரும்." தலைவரைப் பார்த்தார். "ஒரு பூவ மட்டும் கழுவிக் காட்டுறேன். வாங்குறவரு பாக்கட்டும். பாத்துட்டு அவரே சொல்லட்டும்."

பௌடவைன் தோளைக் குலுக்கினார், சரி என்றார்.

மக்டெல்ட் பையிலிருந்து மெல்லிய பழந்துணியும் தைலப் புட்டியும் எடுத்தார். என்னைப் பலகையைப் பிடிக்கச் சொன்னார். துணியை நனைத்து, ரோஜாவின் மேல் வட்டமாக, குழந்தையின் வாயைத் துடைப்பதுபோலத் துடைத்தார். துணி மாற்றினார். மறுபடி துடைத்தார். என் வெள்ளை முதலில் பாலாகக் கரைந்தது, பிறகு அழுக்காக வழிந்தது, பிறகு அதன் அடியிலிருந்து அந்த ரோஜா வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் பாட்டுக்கு, யாருக்காகவும் வராததுபோல வந்தது.

பக்கத்தில் என் ஐரிஸ் நீலமாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. யாருக்கும் எதுவும் விளக்கிச் சொல்லத் தேவைப்படவில்லை. லாம்பிரெக்ட் எழுந்து அருகில் வந்து பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஐயா," என்றார் பௌடவைனிடம், "இப்பச் சொல்லுங்க."

பௌடவைன் வெகுநேரம் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு," என்றார். "கெட்டிக்காரத்தனம். நான் இல்லேங்கல. ஆனா என் வீடு குறுகலான தெருவுல இருக்கு. எதிர் வீட்டுச் சொவர் எங்க ஜன்னல மறைக்குது. வருஷத்துல எட்டு மாசம் மழ. வீட்டுக்குள்ள இருட்டு எனக்கு நெறையவே இருக்கு. இன்னும் கொஞ்சம் இருட்ட வாங்கி மாட்டணுமா? எனக்குப் பூ வேணும். பேர எடுத்துருங்க."

என் காதையே நம்ப முடியவில்லை. பார்த்துவிட்டு, புரிந்துகொண்டு, அதற்குப் பிறகும் ஒரு மனிதர் இப்படிச் சொல்கிறார். பார்க்காமல் சொல்லியிருந்தால் மன்னித்திருக்கலாம்.

மக்டெல்ட் சிறு கத்தி கேட்டார். கல்மேடையின் விளிம்பில் பொடி எழுத்தில் இருந்த தன் பெயரைச் சுரண்டினார். எழுத்து எழுத்தாக, அடியிலிருந்த மரம் தெரியும்வரை. பொடியை ஊதினார்.

பிறகு யாஸ்பரின் பக்கம் திரும்பினார். "என் கண்ணு விஷயம் இன்னும் முடியல."

லாம்பிரெக்ட் யாஸ்பருக்கு அபராதம் விதித்து, சொன்னதைத் திரும்பப் பெறச் சொன்னார். யாஸ்பர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நான் சொன்னத யாராச்சும் தப்பாப் புரிஞ்சிருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"யாரும் தப்பாப் புரிஞ்சுக்கல," என்றார் மக்டெல்ட். "நீ சொன்னது பொய். பொய்னு சொல்லு. சத்தமா. ரொட்டிக் கடை வரைக்கும் கேக்கணும்."

மூன்றாவது முறையில்தான் அவன் சத்தமாகச் சொன்னான். மக்டெல்ட் புட்டியை மூடிப் பையில் போட்டார். வெளியே போகும்போது, கடைசிச் சுவரைக் கடக்கையில், நின்றுகூடப் பார்க்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே படித்து வைத்திருந்த அந்த அறிவிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒப்பித்துக்கொண்டே போனார். "சந்தாவ ஒழுங்காக் கட்டச் சொல்லுங்க எல்லாரையும்" என்று முடித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

கூட்டம் கலையும்போது பௌடவைன் என் தோளைத் தட்டினார். "நாளைக்குக் காலைல வந்து அந்த ரோஜாவ மறுபடி வெள்ளையாக்கிரு."

"மாட்டேங்க."

"கூடக் குடுக்குறேன்."

"என்ன குடுத்தாலும் மாட்டேன். அந்தப் பூவ ஒரு தடவ கொன்னாச்சு."

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்துவிட்டுப் போனார். வேறு ஆள் கிடைத்தான். இந்த ஊரில் வெள்ளை பூசுவதற்கு ஆளா இல்லை? யாஸ்பரும் மிரட்டியபடியே செய்தான். அதன் பிறகு அவன் கடையிலிருந்து எனக்கு ஒரு வேலையும் வரவில்லை. நான் சுவர் ஓடுகள் செய்யும் பட்டறையில் சேர்ந்தேன். ஓட்டுக்கு ஒரு பூ, வெள்ளையில் நீலம், நாளுக்கு அறுபது. பீட்டர்னெல், "இதுலயாச்சும் யாரும் ஒன்னைய அடிக்க வர மாட்டாங்க," என்றாள்.

அடுத்த குளிர்காலம். பௌடவைனின் வீட்டில் கணப்பைச் சுற்றி ஓடு பதிக்க நானும் இன்னொருவனும் போயிருந்தோம். கூடத்தில் விருந்து. ஃப்ளஷிங் துறைமுகத்திலிருந்து வந்த கப்பல்காரர்கள் நாலைந்து பேர், மேசையில் சிப்பியும் வாத்து வறுவலும். மேசைக்கு மேலே அந்தப் படம்.

"யாரு வரஞ்சது?" என்று ஒருவர் கேட்டார்.

"நம்ம மக்டெல்டுதான்," என்றார் பௌடவைன், ஒயினை ஊற்றிக்கொண்டே. "அவங்க செஞ்சதுலயே நல்லது இதுதான்னு சொல்றாங்க."

என் கையிலிருந்த ஓடு இரண்டாக உடைந்தது. நான் எழுந்து, சுண்ணாம்புக் கையோடு, கூடத்துக்குள் போனேன்.

"ஐயா, அவங்க பேர எடுக்கச் சொன்னது நீங்கதானே?"

"பலகைல இருந்துதான எடுத்தோம்," என்றார் அவர் சிரித்துக்கொண்டே. "ஊர் வாயில இருந்தா எடுத்தோம்?" விருந்தாளிகளும் சிரித்தார்கள்.

நான் கொத்துக்கரண்டியைப் போட்டுவிட்டு நேராக மீன் சந்தைக்குப் பின்னால் போனேன். இந்த முறை மழை பெய்தது, நிஜமாகவே. மக்டெல்ட் ஜன்னலருகே வேலை செய்துகொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். தூரிகையைத் துடைத்து வைத்தார். மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பாலத்தில் திரும்பிப் பார்த்து, "நீ எதுக்குப் பின்னாடியே வர்ற?" என்றார்.

"சாட்சிக்கு."

"ஒன் சாட்சிய ஒரு தடவ பாத்தாச்சு. நடு நடுங்கிட்டே சொல்லுவ. சரி, வா."

பௌடவைனின் பணிப்பெண் தடுக்கப் பார்த்தாள். மரச் செருப்பின் முன்னால் அவள் எம்மாத்திரம்? கூடத்துக்குள் போய், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, மேசைக்கு முன்னால் நின்றார் மக்டெல்ட்.

"வணக்கம். நாந்தான் மக்டெல்ட். இந்தப் படத்துல டூலிப்பும் பியோனியும், இடது பக்கம் இருக்கிற மத்த பன்னெண்டு பூவும் என்னோடது. வலது பக்கம் இருக்கிறதுல கொஞ்சம் இவனோடது, ரோஜா யாரோ இன்னொருத்தனோடது. வெளிச்சம் யாரோடதும் இல்ல. இந்த ஐயா என் பேர வேண்டாம்னாரு, குடுத்துட்டேன். வேண்டாம்னு திருப்பிக் குடுத்த பொருள வெச்சு விருந்து வெக்கிறதுக்கு எங்க ஊர்ல ஒரு பேரு இருக்கு. நீங்க வெளியூர்க்காரங்க, அத நான் சொல்ல மாட்டேன். சாப்பிடுங்க."

பௌடவைனின் முகம் அவர் விற்கும் சாயத்தின் நிறத்துக்கு வந்தது. கப்பல்காரர் ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, படத்தின் அருகே போய், வலது மூலையையும் இடது மூலையையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தார். "அட, ஆமா," என்றார். "இந்த ஜாடி நிக்கவே இல்லையேய்யா!"

அதற்குப் பிறகு பௌடவைன் அந்தப் படத்தைப் பற்றி யாரிடமும் எதுவும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. ஓடு வேலைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

மக்டெல்ட் அந்த வருஷம் முழுவதும் ஒரே ஒரு படம்தான் செய்துகொண்டிருந்தார். அதே ஜாடி, அதே ஜன்னல், ஆனால் இருட்டு இன்னும் கொஞ்சம் மேலே ஏறி, பாதிப் பூக்களை எடுத்துக்கொண்டிருந்தது. அன்று மழையில் அவர் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, நெருப்பருகே காலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அதை நான் வெகுநேரம் பார்த்தேன். ரோஜா அங்கே இருந்தது. வாங்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றார். யாரும் வராவிட்டாலும் இதற்கு ஒரு பூ கூட்டவோ குறைக்கவோ போவதில்லை என்றார்.

"கீழ அந்தக் கல்லு மேல ஒரு ஈ போடட்டுமா?" என்று கேட்டேன். "சின்னதா. நெழல்லயே."

"கைய வெச்சேன்னா ஒடச்சிருவேன்," என்றார் மக்டெல்ட்.